அவிழ்த்தலும் அழித்தலும்

சொல்லாராய்ச்சி செய்யப் புகுவோர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே நாடிச் செல்கின்றனர். ஊர்ப்பெயர், மரப்பெயர், அணிகலன்களின் பெயர் என அடுக்கி மகிழ்வதில் ஓர் எளிமை உண்டு. வினைச்சொற்களோ கைக்குள் நில்லாதவை. இடத்துக்கு இடம் உருமாறுபவை. ஆயினும் ஒரு மக்கள் கூட்டம் உலகை எவ்வாறு கையாள்கிறது என்பதை அறிய வேண்டின் வினைச்சொற்களைத்தான் கேட்க வேண்டும். அவ்வகையில் ஒரு சிறு செயலைக் குறிக்கும் சொற்களை மட்டும் இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். சிக்குண்டதைச் சிக்கு நீக்குதல், கட்டுண்டதைக் கட்டு நீக்குதல் என்பதே அச்செயல்.

இதற்குத் தமிழில் பொதுச்சொல் ஒன்று இல்லை என்பதே முதலில் கருதத்தக்கது. முடிச்சை அவிழ்க்கிறோம், தலையில் சிக்கை எடுக்கிறோம், மூட்டையைப் பிரிக்கிறோம், இறுகிய கயிற்றைத் தளர்த்துகிறோம், புதிரை விடுவிக்கிறோம், வழக்கைத் தீர்க்கிறோம். பொருளுக்கு ஏற்பக் கை வேறுபடுகிறது. கைக்கு ஏற்பச் சொல்லும் வேறுபடுகிறது. சிக்கை ஒருவரும் அவிழ்ப்பதில்லை. ஏனெனில் சிக்கு யாரும் போட்ட கட்டு அன்று, தானாக விழுந்தது. முடிச்சு ஒருவர் கையால் இடப்பட்டது. ஆகவே அது மற்றொருவர் கையால் அவிழத்தக்கது. இவ்வேறுபாட்டை இலக்கணம் எதுவும் நமக்குக் கற்பிக்கவில்லை. சீப்பும் கையுமாய்ப் பெண்மக்களைத் திண்ணையில் இருத்தித் தலைவாரிய தாய்மார்களே கற்பித்தனர்.

‘சிக்கு’ என்னும் சொல்லின் குடும்பமும் பெரிது. சிக்கிக்கொள்ளுதல், சிக்கல், சிக்கனம் முதலாயின ஒருபுறம் இருக்க, மணிவாசகர் இறைவனைப் பற்றிக்கொண்ட உறுதியைச் சொல்ல ‘சிக்கென’ என்னும் அடையைத்தான் தேர்ந்தார். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கல் என்னும் தலத்துக்கு, வசிட்டர் வெண்ணெயால் பிடித்த இலிங்கம் எடுக்க வாராமல் சிக்கிக்கொண்டது என்று தலபுராணம் காரணம் கூறும். ஆக, வாரும் தாய்க்குத் தொல்லையாகிய சிக்கு, பக்தனுக்குப் பேறு ஆகிறது. எல்லாச் சிக்கும் எடுக்கப்பட வேண்டியதன்று போலும்!

இனி நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் எல்லைப்புறத்துக்கு எவ்வாறு உரியது என்பதைக் காண்போம். பொள்ளாச்சியிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் கோபாலபுரத்தைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம். பண்டு கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்த இவ்வட்டம், 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கேரளத்துள் அமைந்தது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி முதலிய ஊர்களில் இன்றும் தமிழே வீட்டுமொழி. கேரள அரசின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என இடம் தந்துள்ளது. சட்டம் தந்த இடம் அது. சந்தையிலும் பேருந்திலும் பால் கொள்முதல் நிலையத்திலும் நாள்தோறும் இரு மொழியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே செல்கின்றன.

அந்த உரசலில் பிறந்ததொரு நிகழ்ச்சியைக் கூறுவோம். நமக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றின் சிறுமி, எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளியில் தமிழ்வழி பயில்பவள், தேர்வில் ‘எங்கள் தோட்டம்’ என்னும் கட்டுரையில், ‘தாத்தா காலையில் எழுந்து மாட்டை அழித்து விட்டார்’ என்று எழுதியிருந்தாள். திருத்திய ஆசிரியர் அத்தொடரின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டு, ஓரத்தில் ‘கொன்றாரா?’ என்று எழுதி, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டிவிட்டார். வகுப்பு சிரித்தது. சிறுமி வீடு வந்து, இனித் தமிழ் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். தந்தையும், ‘இதுவும் வரவில்லை, அதுவும் வரவில்லை, ஒன்றையாவது ஒழுங்காகக் கற்கட்டும்’ என்று அடுத்த ஆண்டு மலையாள வழிக்கு மாற்ற முடிவு செய்தார். ஒரு வினைச்சொல் ஒரு குடும்பத்தின் மொழியையே மாற்றிவிடக் கூடும் என்பதனாலேயே இச்சொல்லைச் சற்று ஆழ்ந்து நோக்கத் துணிந்தோம்.

சிறுமி எழுதியதன் பின்னணி வெளிப்படை. மலையாளத்தில் ‘அழிக்குக’ என்பது அவிழ்த்தலையே முதன்மையாகக் குறிக்கும். மாட்டை ‘அழிச்சு விட்டு’ என்றால் அவிழ்த்து விட்டார் என்பதே பொருள். சிக்குக்கும் சுருக்குக்கும் அவர்கள் ‘குருக்கு’ என்பர். சிக்கு நீக்குதல் ‘குருக்கழிக்கல்’. சாலை நெரிசலும் அவர்கள் செய்தித்தாளில் ‘கதாகதக்குருக்கு’. காவலர் அதை ‘அழிக்கிறார்’. கோபாலபுரம் சோதனைச்சாவடியில் வணிகவரிச் சோதனை நடந்த நாள்களில், மூடிக் கட்டிய தார்ப்பாயை ‘அழிக்கச்’ சொன்ன அலுவலரை நோக்கித் தமிழ்நாட்டு லாரி ஓட்டுநர் திகைத்து நின்ற கதைகளுக்குப் பஞ்சமில்லை. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் அச்சோதனையும் போயிற்று. கதைகள் மட்டும் தேநீர்க் கடைகளில் எஞ்சியுள்ளன.

எனவே ஆசிரியர் சொல்வது சரியே, இது மலையாளக் கலப்பு என்று கூறி முடித்துவிடலாமா? முடித்துவிடலாகாது என்பதே நம் கருத்து. ‘அழி’ என்பது இரு மொழிக்கும் பொதுவான வேர். பரோ, எமனோ ஆகிய இருவரும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தமிழின் அழிதலையும் மலையாளத்தின் அழிதலையும் ஒரே சொல்லின் கிளைகளாகவே வைக்கிறது. கட்டுத் தளர்தல் ஒரு கிளை, கெட்டொழிதல் மற்றொரு கிளை. மலையாளம் முதற்கிளையைப் போற்றி வளர்த்தது. தமிழ் இரண்டாவதை வளர்த்தது. ஆயின் தமிழ் முதற்கிளையை முற்றாக வெட்டிவிட்டதா?

செலவழித்தல் என்கிறோம். பணத்தை யாரும் தீயிட்டுக் கொளுத்துவதில்லை. அது கைவிட்டுப் போகிறது, அவ்வளவே. முந்தானையில் காசை முடிந்து வைத்த நாளில், செலவு என்பது முடிச்சு நெகிழ்வதுதானே என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இது வெறும் கற்பனையாகவும் இருக்கலாம், சான்றாக முன்வைக்கவில்லை. நெஞ்சழிதல் என்பது சற்று வலுவானது. அங்கே நெஞ்சு மாய்ந்து போவதில்லை. உறுதி குலைந்து இளகுகிறது. திருக்குறளில் 126-ஆம் அதிகாரம் ‘நிறையழிதல்’. நிறை என்பது மனத்தை ஒருவழி நிறுத்தும் கட்டு. அது அழிதல் என்பதைக் கட்டு நெகிழ்தல் என்றே கொள்ள இடமுண்டு. ஆனால் அவ்வதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவர் காட்டும் உவமை, நாணம் என்னும் தாழிட்ட கதவைக் காமம் என்னும் கோடரி உடைப்பது. உடைத்தல் வேறு, அவிழ்த்தல் வேறு. ஆகவே வள்ளுவரை நம் பக்கம் முழுதாக இழுத்துக்கொள்ள இயலாது.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேறோர் எல்லையிலிருந்து கிடைக்கிறது. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைப் புறத்திலும் விடுகதைக்கு ‘அழிப்பாங்கதை’ என்று ஒரு பெயர் வழங்குகிறது. பாட்டி கதை போடுவாள், பேரன் அழிப்பான். இங்கே அழித்தல் என்பது விடுவித்தலே அன்றி ஒழித்தல் ஆகாது. விடை தெரிந்தபின் விடுகதை மாண்டு போகிறது, ஆகவே அதுவும் ஒழித்தல்தான் என்று வாதிடுவோர் இருக்கலாம். அவர்கள் குழந்தைகளோடு விடுகதை போட்டுப் பார்த்ததில்லை என்க. விடை தெரிந்த மறுநாளே அக்கதை அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போடப்படுகிறது. அவிழ்த்த கயிற்றை மீண்டும் முடியலாம். ஒழிந்ததை முடிய இயலாது. தொல்காப்பியர் ‘பிசி’ என்று பெயரிட்ட இவ்வகையை, நாம் ‘விடுகதை’ என்று விடுதலால் பெயரிட்டோம். தென்கோடித் தமிழர் அழித்தலால் பெயரிட்டனர். பொருள் ஒன்றே. 1956-இல் சித்தூர் கேரளத்துள் அமைந்த அதே நாளில்தான் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது என்பதையும் இங்கு நினைவுகூரலாம். வரைபடத்துக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்ததால் பாட்டியின் ‘அழிப்பு’ தமிழ் வட்டார வழக்கு ஆயிற்று. அந்தப் பக்கம் விழுந்ததால் சிறுமியின் ‘அழிப்பு’ பிழை ஆயிற்று!

இதற்கு நேர்மாறான விந்தை ஒன்றும் உண்டு. தமிழில் சிக்கு என்றால் பின்னிக்கிடப்பது. மலையாளத்தில் ‘சிக்குக’ என்றால் நெல்லை வெயிலில் பரப்பிக் காயவைப்பது, கோழி மண்ணைக் கிளறுவது. நம் பின்னல் அவர்களுக்குப் பரப்பல். அவர்கள் அவிழ்ப்பு நமக்கு ஒழிப்பு. அலுவலகத்துக் கோப்புகளில் காலங்கழிக்கும் நமக்கு அவர்களிடம் மிகப் பிடித்த சொல் ‘நூலாமாலை’. நடைமுறைச் சிக்கல்களை அவ்வாறு சொல்வர். மேசைக்கு மேசை நகரும் கோப்பின் நாடாவை நாள்தோறும் அவிழ்த்துக் கட்டுபவர்க்கு அச்சொல்லின் பொருத்தம் விளக்கம் இன்றியே விளங்கும்.

இனித் தமிழிலக்கியம் அவிழ்த்தலை எவ்வாறு ஆண்டது என்பதற்கு வருவோம். பழந்தமிழில் அவிழ்தல் என்பது பெரிதும் மலரின் தொழில். அரும்பு என்பது கட்டுண்ட நிலை. அதன் கட்டுக்குப் ‘பிணி’ என்றே பெயர். பிணி நீங்கி மலர் அவிழ்கிறது. நோய்க்கும் பிணி என்று பெயரிட்ட மொழி, அரும்பின் இறுக்கத்துக்கும் அப்பெயரையே இட்டது ஆழ்ந்த நோக்கம் உடையது. வெந்து மலர்ந்த சோற்றுப் பருக்கையும் அவிழ் எனப்பட்டது. வளை நெகிழ்கிறது, மலர் நெகிழ்கிறது, நெஞ்சும் நெகிழ்கிறது. கூந்தலை விரித்தலைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் காதலுற்றாளின் மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. உடலில் அவிழ்வதும் உள்ளத்தில் அவிழ்வதும் ஒரே சொல்லில் நிற்பதால், உவமை தேட வேண்டிய வேலையே புலவர்க்கு இல்லாமற் போயிற்று.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாக நாம் கருதுவது நப்பூதனாரின் முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்ட, பத்துப்பாட்டுள் மிகச் சிறிய பாட்டு அது. கார்காலத்து மாலை, தலைவன் பாசறையில், தலைவி மனையில். முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, அரும்பு கட்டவிழ்ந்த முல்லைப் பூவை நெல்லோடு தூவித் தொழுது, நற்சொல் கேட்க நிற்கின்றனர். அங்கே ஆய்மகள் ஒருத்தி, சிறு கயிற்றால் கட்டப்பட்டுத் தாயைக் காணாது அலமரும் கன்றைத் தேற்றுகிறாள். சில அடிகளுக்குள் புலவர் இரண்டை அருகருகே வைத்துவிட்டார்: அவிழ்ந்த பூ, அவிழாத கயிறு. பிறகு தலைவி நழுவும் வளையைத் திருத்திக் கொள்கிறாள். ஆற்றியிரு என்று அவன் சொல்லிச் சென்ற சொல் அவளைக் கட்டியிருக்கிறது. உடலோ கட்டு நெகிழ்கிறது. பாசறைப் பகுதிக்குச் சென்றால் அங்கும் கயிறே. கூடாரங்கள் கழிகளை நட்டுக் கயிற்றை இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. இடையில் வாளைக் கச்சினால் பிணித்த பெண்டிர் விளக்கு ஏந்துகின்றனர். போர் என்பது எல்லாம் இறுகக் கட்டப்பட்ட உலகம். மனை என்பது எல்லாம் நெகிழும் உலகம். இடையே அந்தக் கன்று. முடிவில் தேர்க்குதிரைகளின் ஒலி அவள் செவியில் நிறைகிறது. அவன் வந்து தழுவியதைப் புலவர் சொல்வதில்லை. கயிறு அவிழும் கணத்துக்கு ஒரு நொடி முன்னே பாட்டு நின்றுவிடுகிறது.

இப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் பேரறிஞர். அவர் இன்றேல் பத்துப்பாட்டின் பல சொற்கள் நமக்கு இருளாகவே இருந்திருக்கும். ஆயினும் ஓரிடத்துச் சொல்லை எங்கோ தொலைவில் உள்ள மற்றோரிடத்துச் சொல்லோடு கொண்டுகூட்டிப் பொருள் உரைப்பது அவர் வழக்கம். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதனைக் கடுமையாக மறுத்து, செய்யுள் சென்ற நெறியிலேயே பொருள் காணல் வேண்டும் என்று நாட்டினார். அடிகள் பக்கமே நாமும் நிற்போம். சிக்கு இல்லாத இடத்தில் சிக்கு எடுக்க முற்படும் சீப்பு மயிரைப் பறித்துவிடும். பூவும் கயிறும் அருகருகே நிற்பதே அப்பாட்டின் உயிர் என்றால், சொற்களை இடம்பெயர்க்கும் உரை அந்த அண்மையைக் கலைக்கிறது. எனினும், அடிகள் உரையில் இருக்கும் சினம் சற்று மிகையே. நச்சினார்க்கினியர் முடிச்சு இருப்பதாக உண்மையிலேயே நம்பினார், அவிழ்க்கவே முயன்றார்.

மெய்யான சிக்கு எது என்பதை அறிய வேண்டுவோர் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் பதிப்புப் பணியை நோக்குக. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தவர் அதனை அச்சில் காண 1887 வரை உழைத்தார். ஏட்டுச்சுவடியில் புள்ளி இராது. குறிலும் நெடிலும் வேறுபாடின்றிக் கிடக்கும். மூலம் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் இராது. சமணர் இல்லங்களுக்கே சென்று அவர்தம் சமயச் செய்திகளைக் கேட்டுத் தெளிந்தார். சுவடிக்கட்டின் கயிற்றை அவிழ்ப்பது ஒரு நொடி வேலை. உள்ளே இருக்கும் கட்டை அவிழ்க்க ஏழாண்டு. ஒரு சொல்லின் நேர்ப்பொருளும் உருவகப் பொருளும் ஒரே மனிதர் மடியில் ஒரே சமயம் கிடந்த காட்சி அது. அறியாமல் இழுத்தால் ஓலை முறியும். அழித்தலின் இரு பொருளும் அங்கே ஒரு விரலிடை தொலைவில் நின்றன.

மேலைநாட்டார் இச்சொல்லைக் கொண்டு ஒரு கொள்கையே அமைத்தனர். அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் நாடகக் கதையைக் கட்டுதல், அவிழ்த்தல் என இரு கூறாக்கினார். நாடகத்தின் முடிவைக் குறிக்கப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல்லுக்கும் முடிச்சவிழ்ப்பு என்பதே நேர்ப்பொருள். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் கூறும் நாடகச் சந்தி ஐந்தோ வேறு உலகைச் சார்ந்தவை. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. உழுத நிலத்தில் விதை இடுவதில் தொடங்கி, முளைத்து, கருக்கொண்டு, விளைந்து, அறுத்து உண்பதில் முடிகிறது கதை. கிரேக்கர்க்குக் கதை ஒரு கயிறு. நம்மவர்க்கு ஒரு வயல். கயிற்றுக் கதையில் முடிவு வந்தபின் எஞ்சுவது வெறுங்கயிறு. வயற்கதையில் எஞ்சுவது விதைநெல். ஆழியாற்றுத் தண்ணீரை எதிர்நோக்கி நாற்றுவிடும் சித்தூர் உழவர்க்கு இரண்டாவது உவமை உடனே விளங்கும். அத்தண்ணீருக்குரிய பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு அணையில் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும் என்பது அதன் விதி. இரு மாநிலச் செய்தித்தாள்களும் கோடைதோறும் ‘சிக்கல்’ என்றும் ‘குருக்கு’ என்றும் தலைப்பிட்டு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிதல் என்னும் சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. கூந்தலை முடிக்கிறோம், செயலையும் முடிக்கிறோம். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடியேன் எனச் சூளுரைத்த கதையில் தமிழர் இரண்டையும் ஒருசேரக் கேட்கின்றனர். குழல் முடிவதும் பகை முடிவதும் ஒரே வினை. பட்ட நாராயணர் அக்கதையை வடமொழி நாடகமாக்கி ‘வேணீ சம்ஹாரம்’ எனப் பெயரிட்டார். அங்கே சம்ஹாரம் என்பது கூந்தலைச் சேர்த்துக் கட்டுதல். ஒழித்தல் என்பதும் அதன் பொருள். வடமொழியில் கட்டுதலும் ஒழித்தலும் ஒரு சொல். தென்மொழிகளில் அவிழ்த்தலும் ஒழித்தலும் ஒரு வேர். மாட்டை அழித்த தாத்தாவைக் கண்டு சிரித்த வகுப்பு இதனையும் அறிந்திருந்தால் நன்று.

அவிழ்த்தல் எப்போதும் நற்செயல் என்று கொள்வதற்கும் தமிழ் இடம் தருவதில்லை. முடிச்சவிழ்க்கி என்றால் திருடன். பொய்யை அவிழ்த்து விடுகிறான் என்கிறோம். அவனுடைய பொய்கள் கட்டுத்தறி விட்ட காளைகள் போல ஊரில் திரிகின்றன. யாருடைய முடிச்சு, எதற்காக அவிழ்க்கிறோம் என்பதைப் பொறுத்தே பழியும் புகழும் அமைகின்றன.

இவ்விடத்தில் இக்காலத் திறனாய்வாளரை நோக்கி ஒன்று கூற வேண்டியுள்ளது. பிரெஞ்சு அறிஞர் தெரிதா 1960-களில் தொடங்கிய வாசிப்பு முறை தமிழுக்கு வந்தபோது அதற்கு இரண்டு பெயர்கள் வழங்கலாயின: ஒன்று ‘கட்டுடைத்தல்’, மற்றது ‘கட்டவிழ்ப்பு’. முன்னதே மிகுதியாகப் பரவிற்று. உடைத்தல் என்ற சொல்லில் ஒரு வீரம் தொனிப்பதால் இளைஞர்களை அது ஈர்த்திருக்கலாம். ஆனால் தெரிதா 1983-இல் ஜப்பானிய அறிஞர் ஒருவருக்கு எழுதிய மடலில், தம் சொல்லை எவ்வாறு மொழிபெயர்ப்பது என்று ஆராய்கையில், ஒழித்தல் என்னும் பொருள் அதில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே தாம் வேறு சொல் தேடியதை விளக்குகிறார். பாரிசில் இருந்தவரும் நம் எல்லைச் சிறுமியின் இடர்ப்பாட்டையே சந்தித்திருக்கிறார் என்க! உடைத்தல் என்னும் பெயரைச் சூடியதனால், பல கட்டுரைகள் நூலைப் பிரித்துப் பார்ப்பதற்கு மாறாகப் போட்டு உடைப்பதையே தொழிலாகக் கொண்டன. கோர்டியம் நகரத்து முடிச்சைக் கி.மு. 333-இல் அலெக்சாந்தர் வாளால் வெட்டினார் என்ற கதையை வீரச்செயலாகவே படித்து வந்துள்ளோம். அம்முடிச்சு எவ்வாறு இடப்பட்டிருந்தது என்பது அத்துடன் யாருக்கும் தெரியாமற் போயிற்று என்பதை ஒருவரும் வருந்திச் சொல்வதில்லை. நம் வாக்கு கட்டவிழ்ப்புக்கே.

மீண்டும் எல்லைச் சொல்லுக்கு வருவோம். தேர்வுத்தாளில் ‘அழித்து விட்டார்’ என்பதற்கு மதிப்பெண் தருக என்று நாம் வாதிடவில்லை. பொது எழுத்துத் தமிழில் இன்று அச்சொல் ஒழித்தலையே குறிக்கிறது. எழுதுகிறவர் அதை அறிந்தே ஆக வேண்டும். கோவையில் வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளில் அச்சிறுமியிடம் யாரும் சொற்பிறப்பியல் கேட்கமாட்டார்கள். ஆனால் ‘கொன்றாரா?’ என்று எழுதிய அதே ஓரத்தில், ‘மலையாளத்தில் இது அவிழ்த்தல், தெற்கே நம்மவரும் அழிப்பாங்கதை என்பர், எழுத்துத் தமிழில் அவிழ்த்து என எழுதுக’ என்று குறித்திருந்தால் அவளுக்கு இரு மொழியும் கிட்டியிருக்கும். அவ்வாறு குறிக்க ஒரு நிமிடம் ஆகும். நாற்பது தாள் திருத்தும் ஆசிரியர்க்கு அந்த ஒரு நிமிடம் எவ்வளவு அரியது என்பதையும் நாம் அறியாமல் இல்லை.

தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் முன்னோர் பலர் நெல்லை, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேறியவர்கள். ‘அழிப்பாங்கதை’ என்னும் சொல் தோட்டக் குடியிருப்புகளில் இன்றும் வழங்குகிறதா, விடை சொல்வதை அங்கே அழித்தல் என்கிறார்களா, அவிழ்த்தல் என்கிறார்களா, விடுவித்தல் என்கிறார்களா என்பதை, கதை போடும் முதியவரின் ஊரும் அகவையும் குறித்துச் சங்கத்துக்கு எழுதி அனுப்புக. சித்தூர்ப் புறத்து வழக்குகளை நாம் ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வருகிறோம். மலைப்புறத்துப் பக்கங்கள் அதில் இன்னும் வெறுமையாக உள்ளன.